அடியில் மிஞ்சிய எண்

காஸை அணைத்தோமா என்ற கேள்வியோடுதான் உலகம்மாள் அன்று தேர்வு ஹாலுக்குள் நுழைந்தாள். வினாத்தாள் கொடுத்து முடித்து, பத்து மணி அடித்து, நாலு நிமிஷமும் ஆகிவிட்டது. கேள்வி மட்டும் இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை. அணைத்தாயிற்று. அணைத்துவிட்டுக் குமிழைத் தொட்டும் பார்த்தாயிற்று. வாசலைப் பூட்டி மூன்று தரம் இழுத்துப் பார்த்து, தெருமுனைவரை போய்த் திரும்பி வந்து நாலாம் தரமும் இழுத்தபோது எதிர்வீட்டு அக்கா, "பூட்டு அந்து கையோட வந்துரப் போவுது டீச்சரு" என்று சிரித்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது. பூட்டு ஞாபகம் இருக்கிறதே தவிர காஸ் ஞாபகம் இல்லை. பால் பொங்கியது, துடைத்தாள், துணியைக் கசக்கிப் போட்டாள், அப்புறம்? அப்புறம் பஸ். இப்படிப்பட்ட மனுஷிதான் பதினொரு வருஷமாக இந்தக் கல்லூரியில் பி.பி.ஏ. முதலாண்டுக்கு அல்ஜீப்ராவும் எக்ஸெலும் சொல்லிக்கொடுக்கிறாள். எதையும் ஒன்றுக்கு இரண்டு தரம் சரிபார்க்க வேண்டும் என்று தொண்டை கட்டக் கட்டச் சொல்லுவாள். தன் பாடத்துக்குத் தானே மேற்பார்வை போகக் கூடாது என்பது விதி. ஆள் இல்லாத காலேஜில் விதியைக் கொண்டுபோய் எங்கே வைப்பது? ஆகவே அவளும் வரலாற்றுத் துறை ஞானதுரை சாரும் அந்த மாடி ஹாலில் ஆளுக்கு ஒரு முனையில் நின்றார்கள். ஜன்னலுக்கு வெளியே தென்காசிப் பக்கத்துக் காற்றாலைகள் காற்றில்லாமல் கைவிரித்து நின்றன. சித்திரை மாச வெயில். மேலே ஒரு ஃபேன் சுற்றும்போதெல்லாம் ஒரே இடத்தில் மட்டும் கிறீச்சென்றது.

டெஸ்க்கில் சாக்பீஸால் எண் எழுதியிருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று ஜன்னலோரத்தில் ஆரம்பித்து வளைந்து வளைந்து கடைசி வரிசையில் ஐம்பத்தேழில் முடியும். நடந்துகொண்டே எண்களைப் பார்த்தாள், பார்க்காமல் நடக்க அவளால் முடியாது. இருபத்தொன்பது, முப்பது, அப்புறம் இரண்டு இடம் காலி, முப்பத்துமூன்று. காலி டெஸ்க் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில், முன்பல் இரண்டு விழுந்த பிள்ளையின் வாய்போல இருந்தன. முப்பத்திரண்டு யார் என்று அவளுக்குத் தெரியும். தெரியும் என்பதால்தான் அந்தப் பக்கம் வரும்போது கொஞ்சம் வேகமாக நடந்தாள். முப்பத்திரண்டு முப்பிடாதி. உள்மதிப்பீடு இருபத்தைந்துக்கு நாலு. பத்துக்குக் கீழே போனால் ஹால் டிக்கெட் கிடையாது, அந்த வருஷத்தை மறுபடி படிக்க வேண்டும் என்பது இந்தக் காலேஜ் சட்டம். நேற்று சாயங்காலம் ஸ்டாஃப் ரூம் வாசலில் அந்தப் பெண் நின்றது. "மேம், இன்னிக்குத்தான் லிஸ்ட்டப் பாத்தேன், எனக்கு நாலுன்னு போட்டுருக்கு மேம். எனக்கு இருவத்தொண்ணு." அப்போது மணி நாலே முக்கால், பஸ் நாலு ஐம்பதுக்கு. "கம்ப்யூட்டர் போட்டது பொய்யாம்மா?" என்று உலகம்மாள் கேட்டாள். அப்படித்தான் கேட்டாள், இந்த வாயால்தான். "பொய்யின்னு சொல்லல மேம். பேப்பர்ல நீங்கதான் இருவத்தொண்ணு போட்டு வட்டம் போட்டீங்க." "அப்ப அந்தப் பேப்பரைக் கொண்டா." "வீட்ல இருக்கு மேம்." "நாளைக்குக் கொண்டா, பாப்போம்." பாப்போம். இன்று காலை ஒன்பதரைக்கு ஆபீஸ் கவுண்டரில் முப்பிடாதி நிற்பதைப் பார்த்துவிட்டு, பார்க்காததுபோல் பின்பக்கப் படி வழியாக மேலே வந்துவிட்டாள். வினாத்தாள் கட்டுப் பிரிக்க நேரமாகிறது என்று அப்போது தனக்கே ஒரு காரணம் சொல்லிக்கொண்டாள். காரணம் நல்ல காரணம்தான்.

சரி, முப்பத்திரண்டு காலி. முப்பத்தொன்று ஏன் காலி? முப்பத்தொன்று என்று யாரும் கிடையாதே. அவளுடைய பட்டியலில் முப்பதுக்கு அடுத்தது முப்பத்திரண்டு, ஐம்பத்தாறு பேர், அவ்வளவுதான். ஆபீஸ்காரர்கள் பழைய பட்டியலை வைத்துச் சாக்பீஸ் போட்டிருக்கிறார்கள், இவர்களுக்கு ஒரு வேலையையும் ஒழுங்காகச் செய்யத் தெரியாது என்று நினைத்து இன்னொரு தரம் அந்த வெள்ளை முப்பத்தொன்றைப் பார்த்தாள். மாரிச்செல்வி. முப்பத்தொன்று மாரிச்செல்வி. சிவப்பு ரிப்பன் கட்டிக்கொண்டு வரும், கணக்கு நோட்டில் ஓரமெல்லாம் மயில் வரையும். முதல் டெஸ்ட் எழுதிய மறுவாரமே டி.சி. வாங்கிக்கொண்டு போய்விட்டது. வெட்கமே இல்லாமல் சிரித்தது: "கல்யாணம் நிச்சயம் ஆயிட்டு மேம். மாப்ள திருப்பூர்ல இருக்காவ." டெஸ்ட் பேப்பரைக் கொடுத்தபோதும் அதே சிரிப்புதான். இருபத்தைந்துக்கு நாலு வாங்கிவிட்டுச் சிரித்த ஒரே பெண். நாலு. உலகம்மாள் நடந்துகொண்டிருந்தவள் நின்றாள். நாலு. ஃபேன் கிறீச்சென்றது. நாலு மார்க்கை யாரும் வாங்கலாம், நாலு என்பது ஒருத்தர் சொத்தா? ஆனால் வகுப்பில் நாலு போட்டது ஒரு தரம்தான். ஒரு பேப்பரில்தான் போட்டாள், பேனா தயங்கித் தயங்கிப் போட்ட நாலு அது, பத்துக்குக் கீழே விழுந்த ஒரே மார்க். மாரிச்செல்விக்கு நாலு. முப்பிடாதிக்கும் நாலா?

தண்ணீர் பாட்டில் மேஜையில் இருந்தது, போய்க் குடித்தாள், பாட்டிலின் மூடி கையிலிருந்து நழுவி உருண்டது, முன்வரிசைப் பையன் எடுத்துக் கொடுத்தான். அந்த நாளை நினைத்துப் பார்க்க வேண்டும், நிதானமாக, ஒவ்வொன்றாக. ஒரு சனிக்கிழமை மத்தியானம். ஸ்டாஃப் ரூமில் ஒரே கம்ப்யூட்டர், வரிசையில் இன்னும் மூன்று பேர் காத்திருந்தார்கள், தாவரவியல் மேடம் பின்னால் நின்று வளையலைத் தட்டிக்கொண்டே இருந்தாள். திரையில் இடப்பக்கம் எண், பெயர். வலப்பக்கம் மார்க். மாரிச்செல்விதான் போய்விட்டாளே என்று அவள் எண்ணையும் பெயரையும் தேர்ந்தெடுத்தாள். வலது பட்டனை அழுத்தினாள். நீக்கு. நீக்கவா என்று அது கேட்கவில்லை. எந்தப் பக்கம் நகர்த்தட்டும் என்று கேட்டது. மேலே என்றாள். முழு வரியையும் எடுத்தாளா, அந்த இரண்டு கட்டத்தை மட்டும் எடுத்தாளா? முழு வரி. முழு வரியாகத்தான் இருக்கும். அதைத்தானே வகுப்பில் கத்துகிறாள், ஒரு ஆள் போனால் வரியோடு போகணும், பெயர் மட்டும் போனால் அவன் மார்க் அடுத்தவன் தலையில் உட்காரும் என்று. முழு வரி எடுத்திருந்தால் பட்டியலின் அடியில் ஒரு எண் ஏன் மிஞ்சி நின்றது?

மிஞ்சி நின்றது. அதுதான் இப்போது கண்முன்னால் வந்து நின்றது. ஜீனத் பானுவோடு பெயர்கள் முடிந்துவிட்டன, அதற்குக் கீழே, பெயரில்லாமல், ஒரு எண் மட்டும் தனியாக. உலகம்மாள் அதைப் பார்த்தாள். 'இது எங்கிருந்து வந்தது' என்று ஒரு கணம் நினைத்ததும் உண்மை. பின்னால் வளையல் சத்தம். ஏதோ கைதவறி அடித்திருப்போம் என்று அந்த எண்ணின் மேல் போய் நின்று டெலீட் விசையை அழுத்தினாள். ஒரு விரல், ஒரு தட்டு, பூட்டை நாலு தரம் இழுக்கிறவள் இதை ஒரு தரம்கூட இழுத்துப் பார்க்கவில்லை. அது என்ன எண்? பதினெட்டா? பன்னிரண்டா? இரண்டு இலக்கம், அது நிச்சயம். ஒன்றில் ஆரம்பித்ததா இரண்டில் ஆரம்பித்ததா? அது ஜீனத் பானுவின் மார்க். அந்தப் பிள்ளை இதோ கடைசி டெஸ்க்கில் உட்கார்ந்து ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுக்கொண்டிருக்கிறது. அதற்கு முன்னால் இருப்பவனுடைய மார்க் அதற்கு, அவனுக்கு முன்னால் இருப்பவளுடையது அவனுக்கு, இப்படியே மேலே ஏறி ஏறி முப்பத்திரண்டில் போய் நிற்கிறது. முப்பத்திரண்டுக்கு முன்னால் மாரிச்செல்வி, திருப்பூரில், தன் நாலை முப்பிடாதியிடம் விட்டுவிட்டுப் போயிருக்கிறாள்.

இல்லை, அப்படி இருக்க முடியாது என்று உலகம்மாள் மறுபடி நடக்க ஆரம்பித்தாள். யோசித்தால் எல்லாவற்றுக்கும் ஒரு விடை உண்டு. பட்டியலை ஒரு வாரம் நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருந்தது. முப்பத்துமூன்றிலிருந்து ஐம்பத்தேழு வரை இருபத்தைந்து பேர். டெஸ்ட் பேப்பர் எல்லோர் கையிலும் கொடுத்தாகிவிட்டது, தன் மார்க் என்னவென்று தெரியாத பிள்ளை எங்காவது உண்டா? மார்க் மாறியிருந்தால் ஒருத்தராவது வந்து கேட்டிருக்க மாட்டார்களா? இருபத்தைந்து பேரில் ஒருத்தர்? ஒருவரும் வரவில்லை. ஆகவே எதுவும் மாறவில்லை. முப்பிடாதி மட்டும் வந்தாள்; பெயிலானவள் வந்து கேட்பது சகஜம். இந்தத் தர்க்கம் நன்றாக இருந்தது. முன்னால் இருந்த பயம் கொஞ்சம் அடங்கி, அதன் இடத்தில் வேறொரு பயம் வந்து உட்கார்ந்தது, இது பழைய பயம், நல்ல பழக்கமான பயம். ஜூனில் நிரந்தர வேலைக்கு ஆர்டர் வரும் என்று பிரின்சிபால் வாயாலேயே சொல்லியிருக்கிறார். பதினொரு வருஷம் தொகுப்பூதியத்தில் கிடந்தாயிற்று. போன வருஷம் இயற்பியலில் ஒருத்தர் மார்க்கைத் தப்பாக ஏற்றிவிட்டு, திருத்த வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார், அடுத்த மாசம் அவருக்கு வேலை இல்லை. ஒரு மார்க்குக்கு அந்தக் கதி. இவள் இருபத்தாறு பேருடையதைத் திருத்த வேண்டும் என்று எழுத வேண்டும். எக்ஸெல் சொல்லிக்கொடுக்கிற டீச்சருக்கு எக்ஸெல் தெரியாது. ஊர் சிரிக்கும், எதிர்வீட்டு அக்காகூடச் சிரிக்கும். பேசாமல் இருந்தால்? பேசாமல் இருந்தால் ஒன்றும் ஆகாது. ஒரு பெண்ணுக்கு ஒரு வருஷம். ஒரு வருஷம் என்ன, கண்ணை மூடித் திறந்தால் போய்விடும் என்று நினைத்தாள். நினைத்தவுடனே தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

மணி பத்து பதினெட்டு. பத்தரைவரை வருகிறவர்களை உள்ளே விடலாம், பத்தரைக்குப் பியூன் தண்டவாளத் துண்டில் ஒரு அடி அடிப்பான், அதோடு சரி. ஜன்னல் பக்கம் போனவள் கீழே பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தாள். வாதாமரத்தடியில் முப்பிடாதி நின்றது. போகவில்லை. பச்சைப் பை தோளில், கையில் மடித்த ஒரு தாள். வெயிலுக்கு அந்தத் தாளைக்கூட நெற்றிக்கு மேல் பிடிக்காமல் நெஞ்சோடு வைத்துக்கொண்டிருந்தது. கடையநல்லூருக்கு அந்தப் பக்கம் ஏதோ ஊர், இரண்டு பஸ் மாறி வரும் பிள்ளை. கொண்டா என்று சொன்னாள், கொண்டுவந்திருக்கிறது. வகுப்பில் கூட அப்படித்தான், சொன்னதைச் சொன்னபடி செய்யும், ஆனால் கேள்வி கேட்காமல் செய்யாது. "தெரியாததை x என்று வைத்துக்கொள்" என்று உலகம்மாள் போர்டில் எழுதிய முதல் நாளே கை தூக்கியது. "ஏன் மேம் தெரியாததுக்குப் பேரு வைக்கணும்? தெரிஞ்ச பெறவு வைக்கலாம்லா?" வகுப்பு சிரித்தது. உலகம்மாளும் சிரித்தாள். பேர் வைத்தால்தான் அதைப் பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்த்த முடியும், கடைசியில் அதைத் தனியாக நிறுத்தி யார் என்று கேட்க முடியும் என்று விளக்கினாள். நல்ல விளக்கம் என்று அன்று சாயங்காலம்வரை சந்தோஷமாக இருந்தது. அந்தப் பிள்ளைக்கு நாலு மார்க் என்று பட்டியலைப் பார்த்தபோது ஏன் இதெல்லாம் ஞாபகம் வரவில்லை? அன்று அந்த வரியில் பெயரைப் பார்த்தாளா, எண்ணைத்தான் பார்த்தாளா? எண்ணைத்தான் பார்த்தாள். முப்பத்திரண்டு, நாலு, தகுதி இல்லை. கையெழுத்து.

ஒன்றே ஒன்று பார்த்துவிடலாம் என்று முப்பத்துமூன்றின் பக்கம் போனாள். முத்துப்பேச்சி. நல்ல பெண், வாயில்லாப் பூச்சி, கணக்கென்றால் மட்டும் அதற்கு எட்டிக்காய். விடைத்தாளில் 2x-உம் 3x-உம் கூட்டி 5x² என்று எழுதியிருந்தது, எழுதிவிட்டு அடிக்கோடும் போட்டிருந்தது. பட்டியலில் முத்துப்பேச்சிக்கு எவ்வளவு என்று உலகம்மாள் தேடினாள், தலைக்குள் தேடினாள், பட்டியல் இருந்த போனை ஹாலுக்கு வருமுன் ஆபீசில் கொடுத்தாகிவிட்டது. தேட வேண்டியதே இல்லை. கையெழுத்துப் போடும்போது 'அட, முத்துப்பேச்சிகூட இருபத்தொன்று வாங்கிவிட்டதே, பரவாயில்லையே' என்று தனக்குள் சந்தோஷப்பட்டாளே. இருபத்தொன்று. எனக்கு இருவத்தொண்ணு மேம். நாலு மேலேயிருந்து இறங்கி வந்து முப்பத்திரண்டில் உட்கார்ந்தது, இருபத்தொன்று முப்பத்திரண்டிலிருந்து இறங்கி முப்பத்துமூன்றில் உட்கார்ந்தது, இரண்டு பக்கமும் சமன். இதற்கு மேல் இதில் கண்டுபிடிக்க ஒன்றும் இல்லை. முத்துப்பேச்சி தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தது, காதோரம் வியர்வை வழிந்தது. தான் அதன் முதுகுக்குப் பின்னால் நிற்பதால் பயப்படுகிறது என்று நினைத்து உலகம்மாள் நகர்ந்தாள். காஸ் அணைத்திருக்கிறதா? சனியன், இப்போதா அது?

"மேடம், அப்சென்ட் ஷீட் போட்டாச்சா?" ஞானதுரை சார் பக்கத்தில் வந்து நின்றார். "பத்து இருபத்தஞ்சு. பெல் அடிச்சதும் ஆபீஸ்லேருந்து வந்து நிப்பானுவ." தாளை அவரே மேஜைமேல் விரித்து வைத்தார். வராதவர்களின் எண்கள் என்று ஒரு கட்டம், கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு. ஆபீஸ் பட்டியலில் இன்னும் இருக்கிறதே என்று உலகம்மாள் உட்கார்ந்து 31 என்று எழுதினாள். கமா போட்டாள். மூன்று எழுதினாள். மூன்றுக்குப் பக்கத்தில் இரண்டு போட வேண்டும். பேனா கட்டத்துக்கு மேலேயே நின்றது. இந்த இரண்டைப் போட்டால் காலேஜ் கணக்கில் முப்பிடாதி வராதவள். வந்திருக்கிறாள். இரண்டு பஸ் மாறி, பேப்பரோடு, வாதாமரத்தடியில் வந்து நிற்கிறாள். வராதவள் என்று எழுதப்போகிற கை யாருடையது? எல்லாம் தெரிந்த பிறகு எழுதினால் அது தப்பு இல்லை, வேறு. சனிக்கிழமை செய்தது கைதவறு, இப்போது செய்யப்போவதற்குக் கைதவறு என்று பெயர் வைக்க முடியாது. தெரிஞ்ச பெறவு வைக்கலாம்லா? தெரிந்துவிட்டது. "என்ன மேடம், ஒடம்பு சரியில்லையா?" என்றார் ஞானதுரை சார். "வேர்த்து ஊத்துது."

"சார், ஹால் டிக்கெட் இல்லாம ஒரு பிள்ளையை உள்ள விடணும்னா என்ன செய்யணும்?"

"யாராவது பொறுப்பேத்து எழுதிக் கொடுக்கணும். யாரு கொடுப்பா? கழுத்துக்குக் கத்திலா அது."

"நான் எழுதித் தாறேன். முப்பத்திரண்டு தகுதி இல்லாதது இல்ல சார். நான்தான் லிஸ்ட்டைத் தப்பாப் போட்டேன். அதுலேருந்து கீழ உள்ள அத்தனை பேர் மார்க்கும் தப்பு."

அவர் அவளையே பார்த்தார். "மேடம், ஜூன்ல ஆர்டர்..." என்று ஆரம்பித்து முடிக்காமல் விட்டார். உலகம்மாளுக்குத் தைரியமெல்லாம் ஒன்றும் வரவில்லை, முழுக்கப் பயம்தான் இருந்தது. அந்தப் பயத்தோடேயே ஜன்னலுக்குப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தேர்வு ஹாலில் யாரும் கத்தக் கூடாத குரலில் கத்தினாள். "முப்பிடாதீ! மேல வா! ஓடி வாட்டி!" மரத்தடியில் நின்ற பெண் முதலில் நாலு பக்கமும் பார்த்தது, பிறகு அண்ணாந்து பார்த்தது. கையிலிருந்த தாளைத் தூக்கிக் காட்டியது. "அது கெடக்கட்டும், நீ வா!" பச்சைப் பை முதுகில் குதிக்க அது படிக்கட்டுப் பக்கம் ஓடியது. இன்னும் இரண்டு நிமிஷம் இருந்தது. மாடிப்படி முப்பத்தெட்டு, இளம் காலுக்கு அது போதும்.

அவள் திரும்பினாள். மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஏதாவது சொல்லி எல்லோரையும் எழுதச் சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். ஜன்னலோரம் ஒன்றிலிருந்து முப்பது வரை எல்லாத் தலைகளும் நிமிர்ந்திருந்தன. யார், என்ன என்று எட்டிக்கூடப் பார்த்தார்கள், டீச்சர் கத்தினால் பிள்ளைகள் பார்க்காமல் இருப்பார்களா? முப்பத்துமூன்றிலிருந்து ஒரு தலையும் நிமிரவில்லை. முத்துப்பேச்சியிலிருந்து ஜீனத் பானு வரை, மார்க் கூடினவர்களும், குறைந்தாலும் பத்தைத் தாண்டினவர்களும், இருபத்தைந்து பேரும் விடைத்தாளைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பேனாவும் ஓடவில்லை.